திருத்திய பிழை திரும்ப வராமல்: கர்னல் நினைவகம் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்தவை. கல்லூரியில் படிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், சென்னை, பெங்களூர் நிறுவனங்களுக்கு ஊரில் இருந்தபடியே வேலை பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் நினைவகப் பிழை ஒன்றைத் திருத்திய பிறகு அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க ரெக்ரெஷன் டெஸ்ட் எழுதுவது எப்படி என்பதையே எல்லோரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (பொறியியல் மாணவி, காரைக்குடி): வணக்கம் ஐயா. ஒரு டிரைவரில் நீளத்தைச் சரிபார்க்கும் இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று இருந்தது. அதை 'சிறியது' என்று மாற்றி பேட்ச் அனுப்பினேன். டெஸ்டும் எழுதித் தரச் சொல்கிறார் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர். ஒரு குறியை நீக்கியதற்கு 80 வரியில் டெஸ்ட் தேவையா?

பதில்: தேவைதான் அம்மா. பேட்ச் எத்தனை சிறியதோ அத்தனை எளிதாக அது மறுபடி அழிந்துபோகும். 'டர்ட்டி கவ்' என்று பெயர் வாங்கிய பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்க மட்டுமே உரிமையுள்ள பக்கத்தில் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதிவிட முடிந்த பிழை அது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸே அதற்கு ஒரு திருத்தம் போட்டார். ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து ஓட்டை திறந்தே கிடந்து, 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. பதினோரு ஆண்டுக்கு முன் தான் செய்த திருத்தம் சரியில்லை என்று அந்தப் புதிய திருத்தத்தின் குறிப்பிலேயே அவர் எழுதியிருக்கிறார். கதை அதோடும் நிற்கவில்லை. பெரிய பக்கங்களைக் கையாளும் பகுதியில் 2016 திருத்தம் ஒரு குறையை விட்டிருந்தது 2017 நவம்பரில் தெரிய வந்தது.

2005இலேயே அந்தத் திருத்தத்தோடு ஒரு டெஸ்டும் கர்னலின் நிரல் மரத்தில் இருந்திருந்தால், திருத்தத்தை நீக்கியவர் கண்ணில் பட ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். இன்று எல்டிபி எனப்படும் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்டில் டர்ட்டி கவ்வுக்குத் தனி டெஸ்ட் உண்டு. எந்தத் திருத்தத்துக்கான டெஸ்ட், பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் சிவிஇ எண் எது (2016-5195) என்பதெல்லாம் டெஸ்ட் கோப்பிலேயே குறிச்சொல்லாக இருக்கும். டெஸ்ட் தோற்றால் இந்தத் திருத்தம் உங்கள் கர்னலில் விடுபட்டிருக்கலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

உங்கள் பிழைக்கு 80 வரியெல்லாம் வேண்டாம். எல்லை 64 என்றால் 63, 64, 65 என்ற மூன்று நீளங்களை அனுப்பி ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று எழுதுங்கள். அதோடு 0 நீளத்தையும் சேருங்கள். எல்லையைத் திருத்துகிறவர்கள் கீழ்முனையை மறந்துவிடுவது வழக்கம்.

கேள்வி (வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், தேவகோட்டை): 100 பைட் கேட்டு வாங்கிய பஃபரில் 101ஆம் பைட்டிலும் எழுதிவிடுகிற பிழை. திருத்தியாயிற்று, டெஸ்டும் எழுதியாயிற்று. ஆனால் திருத்தாத பழைய கர்னலிலும் டெஸ்ட் பாஸ் ஆகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு பாராட்டு. திருத்தாத கர்னலில் ஓட்டிப் பார்க்கத் தோன்றியதே பெரிது. பலர் திருத்திய கர்னலில் மட்டும் ஓட்டி, பாஸ் வந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பிய டெஸ்ட் ஆண்டுக்கணக்கில் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும், ஒரு பிழையையும் பிடிக்காது.

உங்களுக்கு நடந்தது இதுதான். கர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் கேமாலாக், கேட்ட அளவை அப்படியே தருவதில்லை. 8, 16, 32, 64, 96, 128, 192, 256 என்று அதனிடம் அளவுகள் வகுத்து வைத்திருக்கும். 100 கேட்டால் 128இலிருந்து எடுத்துத் தரும். முக்கால் படி அரிசி கேட்டவருக்கு ஒரு படி ஏனத்தில் போட்டுக் கொடுப்பது போல. மிச்சம் 28 பைட் யாருக்கும் சொந்தமில்லாத காலியிடம். உங்கள் 101ஆம் பைட் அங்கே விழுகிறது, ஒருவருக்கும் வலிப்பதில்லை. அதே பிழை 128 பைட் கேட்ட இடத்தில் இருந்திருந்தால் பக்கத்துப் பொருளின் முதல் பைட் போயிருக்கும். ஆகவே இந்த டெஸ்டுக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். அதுதான் நினைவகத் தவறுகளை ஓடும்போதே பிடிக்கும் கேசான், 2015இல் 4.0 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது.

கேசான் எப்படிப் பிடிக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டெஸ்டை எப்படி எழுதுவது என்பதும் விளங்கிவிடும். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக்கொள்கிறது. நிழலில் 0 இருந்தால் எட்டும் தொடத்தக்கவை. 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட் மட்டும். அதற்கு மேற்பட்ட குறிகள் இருந்தால் தொடவே கூடாது. உங்கள் 100 பைட்டின் நிழல் இப்படி இருக்கும்: பன்னிரண்டு 00, அடுத்து ஒரு 04, அதற்கடுத்து மூன்று எஃப்சி. பன்னிரண்டு எட்டு 96, மேலே 4 சேர்ந்தால் 100. கடைசி மூன்றும் சிவப்பு மண்டலம், அதாவது தொடவே கூடாத காவல் இடம். ஆக மொத்தம் 16 நிழல் பைட்டுகள், 128 பைட்டுக்குக் கணக்கு சரி. 101ஆம் பைட்டில் எழுதும்போது அந்த 04 கண்ணில் படுகிறது. நான்குக்கு மேல் போகாதே என்று கேசான் ரிப்போர்ட் போடுகிறது. 100 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தள்ளி என்று ரிப்போர்ட்டில் இருந்தால் உங்கள் பிழை அதுவேதான்.

கேசானைப் போட்ட பிறகும் பாஸ் ஆனால் கீழே சொல்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கம்பைலர் அந்த எழுத்தையே அழித்திருக்கலாம். டெஸ்ட் கர்னலுக்குள்ளேயே ஓடும் கேயூனிட் வகையாக இருந்து, எழுதிய மதிப்பை யாரும் திரும்ப வாசிக்காவிட்டால், இது வீண் வேலை என்று கம்பைலர் தூக்கிவிடும். சுட்டியை வாலடைல் ஆக்குங்கள், அல்லது ஆப்டிமைசரிடமிருந்து மாறியை மறைக்கும் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். கேசானின் சொந்த டெஸ்டுகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

எல்லையைத் தாண்டி வெகுதூரம் குதித்திருக்கலாம். சிவப்பு மண்டலத்தையும் தாண்டி அடுத்த பொருளின் நடுவில் போய் விழுந்தால், அங்கே நிழல் 0, கேசானுக்கு அது நல்ல இடம். டெஸ்ட் எப்போதும் எல்லையை ஒட்டி, ஒன்று இரண்டு பைட் தள்ளித்தான் தொட வேண்டும்.

நீங்கள் ஏஆர்எம்64 இயந்திரத்தில் டேக் முறைக் கேசானில் ஓட்டுகிறீர்களா? அங்கே அலகு 16 பைட். 100 என்பது 112 ஆகிவிடும், 101 முதல் 112 வரை தொட்டாலும் வாய் திறக்காது. இந்த வகைப் பிழைக்கு ஜெனரிக் முறைதான் சரி.

வழிந்தது ஒரே ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் அணியிலிருந்து அடுத்த புலத்துக்கு என்றால் எந்தக் கேசானும் பிடிக்காது. ஒதுக்கீடு ஒன்றுதானே, உள்ளே எங்கே தொட்டாலும் அதற்குச் சம்மதம். அந்த இடத்தில், வரையறையற்ற நடத்தையைப் பிடிக்கும் யூபிசான் கருவியின் எல்லைச் சோதனையைப் போடுங்கள். அதுவும் ஆகாவிட்டால், பக்கத்துப் புலத்தில் தெரிந்த ஒரு மதிப்பை நிரப்பி வைத்துப் பிறகு அது மாறியதா என்று டெஸ்டே பார்க்கட்டும்.

கடைசிச் சந்தேகம்: பிழை இருந்த வரிக்கே டெஸ்ட் போகவில்லை. முன்னால் உள்ள வேறொரு சரிபார்ப்பு உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும், பிழை எண் வந்ததால் நீங்களும் பாஸ் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எந்த வரிகள் ஓடின என்று காட்டும் ஜிகவ் போட்டு பில்ட் செய்து அந்த வரி ஒருமுறையாவது ஓடியதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியான பிறகு மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். திருத்தத்துக்கு முந்தைய கர்னலில் தோற்க வேண்டும். திருத்திய கர்னலில் தேற வேண்டும். மூன்றாவதாக, இன்றைய புத்தம்புதிய கர்னலை எடுத்து உங்கள் திருத்தத்தை மட்டும் நீக்கி ஓட்டினால் மறுபடி தோற்க வேண்டும். இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் மூன்றிலும் இதுவே முக்கியம். இடையில் சுற்றியுள்ள நிரல் மாறி உங்கள் டெஸ்ட் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தால் இங்கேதான் தெரியும்.

கேள்வி (வாசகர், கானாடுகாத்தான்): என்னிடம் 8 ஜிபி லேப்டாப்தான் இருக்கிறது. கேசான் ஓடுமா?

பதில்: தாராளமாக. நிழலுக்கு நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு போகும், விடுவித்த பொருள்களைப் பிடித்து வைக்க முப்பத்திரண்டில் ஒரு பங்குவரை போகும். 2 ஜிபி கொடுத்த க்யூஎம்யூ மெய்நிகர் இயந்திரம் போதும். கேயூனிட் டெஸ்ட் மட்டும் என்றால் அதுவும் வேண்டாம், கேயூனிட்.பை கட்டளை கர்னலைச் சாதாரண புரோகிராம் போலவே ஓட்டிவிடும். டீபக் தகவலை முழுக்க அணைத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் வரும் முகவரியைக் கோப்பு, வரி எண் என்று மாற்ற அது வேண்டும். இன்னொன்று, கர்னலோடு வரும் டெஸ்ட் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்டில் ஒரு டெஸ்டுக்குக் கொடுக்கும் நேரம் இயல்பாக 45 விநாடி. கேசான் கர்னல் மெதுவாக ஓடுவதால் நேரம் தீர்ந்து தோற்றதாகக் காட்டும். டெஸ்ட் இருக்கும் அடைவில் செட்டிங்ஸ் என்ற கோப்பு வைத்து டைம்அவுட்டை 180 ஆக்குங்கள்.

கேள்வி (பயிற்சிப் பொறியாளர், பள்ளத்தூர்): கேயூனிட், கேசெல்ஃப்டெஸ்ட், எல்டிபி என்று மூன்று சொல்கிறார்கள். என் டெஸ்டை எதில் சேர்ப்பது?

பதில்: பிழை எந்த வாசல் வழியாக எட்டக்கூடியது என்று பாருங்கள். கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பான சிஸ்டம் கால் வழியாகப் பயனர் புரோகிராமே எட்ட முடியும் என்றால் கேசெல்ஃப்டெஸ்ட். அது கர்னல் மரத்துக்குள்ளேயே இருப்பதால் நிரலும் டெஸ்டும் சேர்ந்தே நகரும். பாதுகாப்புப் பிழை, பழைய பதிப்புகளிலும் விநியோகக் கர்னல்களிலும் திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்றால் எல்டிபியிலும் போடுங்கள். அது எந்தப் பதிப்புக் கர்னலிலும் ஓடுவதற்கென்றே எழுதப்படுவது. வெளியிலிருந்து எட்டவே முடியாத உள் செயற்கூறு, ஒரு பார்சரோ பட்டியலைக் கையாளும் துணைச் செயற்கூறோ என்றால் கேயூனிட். 2020 தொடக்கத்தில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அது உண்டு. கேயூனிட், கேசெல்ஃப்டெஸ்ட் இரண்டிலும் எழுத முடிகிற இடத்தில் என் விருப்பம் கேசெல்ஃப்டெஸ்ட். உள்ளமைப்பை நாளை யாராவது மாற்றி எழுதினாலும் சிஸ்டம் கால் மாறாது, டெஸ்டும் நிலைக்கும்.

மூன்றிலும் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. கேயூனிட்டில் டெஸ்ட் முடிந்ததும் தானே விடுவித்துக்கொள்ளும் ஒதுக்கீட்டு வசதி இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் நினைவகக் கசிவைச் சோதிக்கும் டெஸ்டில் அதைப் பயன்படுத்தினால் கசிவையே துடைத்துவிடும். கேசெல்ஃப்டெஸ்டில், தேவையான கான்ஃபிக் இல்லை அல்லது ரூட் உரிமை இல்லை என்றால் 0 அனுப்பி வெளியேறக் கூடாது, 4 அனுப்ப வேண்டும். 4 என்றால் ஸ்கிப். தேவையான கான்ஃபிக்குகளை டெஸ்ட் அடைவின் கான்ஃபிக் கோப்பில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் இயந்திரத்தில் உங்கள் டெஸ்ட் காலமெல்லாம் ஸ்கிப் ஆகிக்கொண்டே கிடக்கும்.

எல்டிபியில் டெஸ்டுக்கு முன்னும் பின்னும் கர்னலில் தவறு நடந்ததைப் பதிந்து வைக்கும் டெய்ன்ட் குறியைப் பார்க்கச் சொல்லலாம். பலர் எச்சரிக்கைக்கான டபிள்யூ (மதிப்பு 512), ஊப்ஸுக்கான டி (128) இரண்டை மட்டும் போட்டு விடுகிறார்கள். கேசான் ரிப்போர்ட் போடும்போது ஏற்றுவது பி குறி, மதிப்பு 32. அதையும் சேர்க்காவிட்டால் லாகில் ரிப்போர்ட் பக்கம் பக்கமாக ஓடியிருக்கும், டெஸ்ட் மட்டும் பாஸ் என்று நிற்கும். கேசெல்ஃப்டெஸ்டில் எழுதுகிறவர்களும் ப்ராக் கோப்பு முறைமையின் டெய்ன்டட் கோப்பைத் தாங்களே முன்பின் வாசித்து ஒப்பிடலாம். இன்னொரு சங்கதி: இயல்பாகக் கேசான் ஒரு பூட்டில் முதல் தவறை மட்டுமே ரிப்போர்ட் செய்யும். முந்தைய டெஸ்ட் ஒன்று அதைச் செலவழித்துவிட்டால் உங்கள் டெஸ்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. கேசான்_மல்டி_ஷாட் என்ற பூட் அளவுருவைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் சொல்லும். ஆனால் டெய்ன்ட் குறி ஒருமுறை ஏறினால் மறு பூட் வரை இறங்காது. தவறை உறுதி செய்யும் ஓட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் புது பூட்டே நல்லது.

கேள்வி (வாசகி, திருப்பத்தூர்): விடுவித்த பிறகும் பயன்படுத்தும் வகைப் பிழை. இரண்டு த்ரெட் மோதினால்தான் வரும். நூறு தடவை ஓட்டினால் ஒரு தடவை வருகிறது. இதற்கு டெஸ்ட் எழுதவே முடியாது என்கிறார் என்னோடு வேலை பார்க்கும் அண்ணன்.

பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பிழை ஏன் ஒளிந்துகொள்கிறது என்று பாருங்கள். நம் வளவு வீடுகளில் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை உண்டல்லவா. அறையைக் காலி செய்து கொடுத்தவர் மறுசாவி ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்று வையுங்கள். அறை சும்மா கிடக்கும் வரை அவர் திறந்து பார்த்தாலும் யாருக்கும் தெரியாது. வேறு புள்ளியின் பெட்டியும் ஏனமும் உள்ளே வந்த பிறகு திறந்தால்தான் சேதம். சாதாரணக் கர்னலிலும் அப்படித்தான், விடுவித்த இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால்தான் சேதம் தெரியும். கேசான் விடுவித்த பொருளை உடனே யாருக்கும் கொடுக்காமல் தனியே பூட்டி வைத்து நிழலில் குறி போட்டுவிடுகிறது. மறுசாவிக்காரர் தொட்ட கணமே பிடிபடுகிறார். ஆனால் அந்தப் பூட்டு நிரந்தரமல்ல. விடுவித்ததற்கும் தொட்டதற்கும் இடையில் ஏராளமான ஒதுக்கீடுகள் நடந்தால் பழையது வெளியே போய்விடும். ஆகவே டெஸ்டில் அந்த இரண்டுக்கும் நடுவே வேறு வேலை எதையும் வைக்காதீர்கள்.

மெய்நிகர் இயந்திரத்துக்கு எத்தனை சிபியூ கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒன்று என்றால் இரண்டு த்ரெட் நிஜமாக ஒரே நேரத்தில் ஓடாது, நூறில் ஒன்று ஆயிரத்தில் ஒன்று ஆகும். குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு.

அடுத்து எண்ணிக்கை. நூறில் ஒரு தடவை வரும் பிழையை நூறு தடவை ஓட்டினால் நிச்சயம் பிடிபடும் என்று நினைப்பது தவறு. பிடிபடும் வாய்ப்பு 63 விழுக்காடுதான். 95 விழுக்காடு வேண்டும் என்றால் 300 தடவை, 99 வேண்டும் என்றால் 460 தடவை. டெஸ்டுக்குள் சுழற்சி எண்ணிக்கையை வைக்கும்போது இந்தக் கணக்கைக் குறிப்பாக எழுதிவிடுங்கள். காரணம் தெரியாவிட்டால் நாளை ஒருவர் நேரம் மிச்சம் பிடிக்க 460ஐ 50 ஆக்கிவிடுவார்.

ஸ்லீப் போட்டு இரண்டு த்ரெட்டையும் மோத வைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் இயந்திரத்தில் பொருந்தும் மைக்ரோ விநாடி அடுத்தவர் இயந்திரத்தில் பொருந்தாது. எல்டிபியில் ஃபஸி சிங்க் என்ற நூலகம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு த்ரெட்டும் தத்தம் வேலைக்கு எடுக்கும் நேரத்தை முதலில் அளந்து, பிறகு தாமதத்தை மாற்றி மாற்றிப் போட்டு, மோதும் இடத்தைத் தேடும். டர்ட்டி கவ் போன்ற மோதல் பிழைகளுக்கு எழுதுவதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கர்னல் பயனர் நினைவகத்திலிருந்து நகல் எடுக்கும் இடத்தில் மோதல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பக்க ஃபால்ட்டைப் பயனர் புரோகிராமே கையாள விடும் யூசர்ஃபால்ட்எஃப்டி வழியாக அந்தப் பக்கத்தை இல்லாதது போல வைத்தால், நகல் நடுவிலேயே கர்னல் உங்களுக்காகக் காத்து நிற்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது த்ரெட்டை விட்டு விடுவிக்கச் செய்து, பிறகு பக்கத்தைக் கொடுங்கள். நூறில் ஒன்று என்பது நூற்றுக்கு நூறு ஆகிவிடும். கர்னலுக்குள் நிகழும் ஃபால்ட்டை இப்படிப் பிடிக்க ரூட் உரிமை வேண்டும், டெஸ்டுக்கு அது பரவாயில்லை.

பொருள், வாசிப்பவர்கள் முடிக்கும் வரை விடுவித்தலைத் தள்ளிப்போடும் ஆர்சியூ வழியாக விடுவிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் விடுவித்தல் அழைத்த உடனே நடக்காது, கிரேஸ் பீரியட் என்ற அந்தக் காத்திருப்பு முடிந்த பிறகுதான். அவசரப்பட்டுத் தொட்டால் பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கும், கேசானுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கேயூனிட்டில் ஆர்சியூ_பேரியர் அழைத்துக் காத்திருந்து பிறகு தொடுங்கள்.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: முடியாது என்று விட்டுவிடும் இந்த வகைப் பிழைகளே மறுபடி மறுபடி வருபவை.

கேள்வி (தொகுத்தது, புதுவயல், கோட்டையூர்): ஒதுக்கீடு தோற்றால் போகும் பாதையில் கசிவு. நிஜத்தில் நினைவகம் தீர்ந்து போவதே இல்லை, பிறகு அந்தப் பாதையை எப்படிச் சோதிப்பது?

பதில்: தோல்வியை நாமே வரவழைக்க வேண்டும். வேண்டுமென்றே தவறு புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்ஷன், ஒதுக்கீட்டைத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் என்ற கர்னல் வசதிகள் இரண்டையும் கான்ஃபிகில் போடுங்கள். நிகழ்தகவு வைத்துத் தோற்கடிக்கும் முறை தேடலுக்கு நல்லது, ரெக்ரெஷன் டெஸ்டுக்கு ஆகாது, இன்று தோற்ற இடம் நாளை தோற்காது. ஃபெயில்-என்த் என்ற கோப்பைப் பயன்படுத்துங்கள். த்ரெட் தனது ஃபெயில்-என்த் கோப்பில் 1 என்று எழுதிவிட்டு சிஸ்டம் காலை அழைத்தால் முதல் ஒதுக்கீடு தோற்கும். அழைத்து முடித்ததும் அதே கோப்பை வாசியுங்கள். 0 வந்தால் தோல்வி நிகழ்ந்தது. அடுத்து 2, பிறகு 3 என்று போங்கள். 0க்குப் பதில் மிச்ச எண் வந்தால் அத்தனை ஒதுக்கீடுகளே அங்கு இல்லை என்று பொருள். 0 எழுதிக் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிழைப் பாதைகள் ஒன்று விடாமல் வரிசையாக ஓடிவிடும்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரு சின்ன விசை. ஃபெயில்ஸ்லாப் அடைவில் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்று ஒன்று இருக்கிறது. அது இயல்பாக 'ஒய்', அதாவது ஆம். அப்படியே விட்டால் தூங்கக்கூடிய (இடம் கிடைக்கும் வரை காத்திருக்கக்கூடிய) ஒதுக்கீடுகள், அதாவது கர்னலில் பெரும்பான்மையானவை, தோற்கவே தோற்காது. அதை 'என்', அதாவது இல்லை, என்று மாற்றிய பிறகே டெஸ்டைத் தொடங்குங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க கேஎம்லீக். நகரத்தார் கணக்கில் ஐந்தொகை போட்டு வரவும் பற்றும் நேராகிறதா என்று பார்ப்பார்களே, அந்த வேலையை அது செய்கிறது. ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் எங்காவது ஒரு சுட்டி இருக்கிறதா என்று நினைவகம் முழுக்கத் தேடி, இல்லாததைச் சொல்லும். முறை இது. டெஸ்டுக்கு முன் கேஎம்லீக் கோப்பில் ஸ்கேன் என்று எழுதி, பிறகு கிளியர் என்று எழுதுங்கள். பழைய சந்தேகங்கள் கழிந்துவிடும். கிளியர் மட்டும் எழுதினால் அதுவரை ரிப்போர்ட் ஆனவையே கழியும், ஆகவே வரிசை முக்கியம். டெஸ்டை ஓட்டுங்கள். 5 விநாடிக்கு உட்பட்ட வயதுள்ள பொருளை அது ரிப்போர்ட் செய்யாது என்பதால் 6, 7 விநாடி பொறுங்கள். பிறகு ஸ்கேன் இரண்டு தடவை. முதல் ஸ்கேனில் உள்ளடக்கத்தைக் குறித்துக்கொள்ளும், அது மாறாமல் இருந்தால்தான் இரண்டாவதில் சொல்லும். ஒரு ஸ்கேனோடு நிறுத்தியவர்கள் கசிவே இல்லை என்று எழுதிவிடுவது இதனால்தான்.

பழைய சுட்டி எதாவது ஸ்டாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒற்றைக் கசிவு தப்பிவிடும். பாதையை நூறு தடவை சுற்ற விடுங்கள், குறைந்தது தொண்ணூறு கசிவாவது தெரியும். நேரடியாகப் பக்கங்களாக வாங்கியவற்றைக் கேஎம்லீக் கணக்கில் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ரெஃப்கவுன்ட் (பயன்படுத்துவோர் எண்ணிக்கை) குறையாமல் பட்டியலில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் பொருளும் அதன் கண்ணுக்குக் கசிவல்ல, சுட்டி இருக்கிறதே. அந்த வகைப் பொருளுக்கென்று தனி ஸ்லாப் (ஒதுக்கீட்டுத் தொகுப்பு) இருந்தால் ஸ்லாப்இன்ஃபோவில் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

கேள்வி (வாசகர், செக்காலை, காரைக்குடி): பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் ஜிட் பைசெக்டை டெஸ்டை வைத்து ஓட்டினால் சம்பந்தமில்லாத கமிட்டைக் காட்டுகிறது.

பதில்: க்யூஎம்யூவின் வெளியேறும் எண்ணை நம்பியிருப்பீர்கள். பேனிக் ஆனதும் மறு பூட், மறு பூட் கேட்டால் வெளியேறு என்று அமைத்திருந்தால், கர்னல் செத்தாலும் க்யூஎம்யூ 0 கொடுத்துத்தான் போகும். பைசெக்ட் அதை நல்லது என்று எழுதிக்கொள்ளும். சீரியல் லாகில் டெஸ்ட் எழுதிய பாஸ் வரி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் மட்டும் 0, தோற்ற வரி இருந்தால் 1. பில்ட் ஆகாவிட்டால் 125, அது தாண்டிப் போகச் சொல்லும். டைம்அவுட் கட்டளை நேரம் தீர்ந்தால் 124 தரும், பைசெக்ட் அதைக் கெட்டது என்றே எடுக்கும். தொங்கிப் போனது உங்கள் பிழையால்தானா என்று தெரியாவிட்டால் அதையும் 125 ஆக்குங்கள். டெஸ்ட் கோப்பு மரத்துக்கு வெளியே இருக்கட்டும், பழைய கமிட்டுக்குப் போகும்போது காணாமல் போகாது.

கேள்வி (சிஸ்டம் நிர்வாகி, பொன்னமராவதி): வாடிக்கையாளர் சர்வரில் கேசான் போட முடியாது. அங்கே மட்டும் வரும் பிழைக்கு என்ன வழி?

பதில்: 2021இல் 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸைப் போடுங்கள். இயல்பாக 100 மில்லி விநாடிக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துக் கண்காணிக்கும். 255 பொருள்களுக்கு 2 எம்பிதான் செலவு, ஓடும் சர்வர் அதைத் தாங்கும். மாதிரி எடுத்துப் பார்ப்பதால் எப்போது பிடிபடும் என்று சொல்ல முடியாது, அதனால் ரெக்ரெஷன் டெஸ்ட் இதை நம்பி இருக்கக் கூடாது. ஆனால் பல சர்வர்களில் பல நாள் ஓடும்போது ஒரு ரிப்போர்ட் வரும். விடுவித்த பிறகு தொட்ட பிழை என்றால் அந்த ரிப்போர்ட்டில் மூன்று ஸ்டாக் (அழைப்புச் சங்கிலி) இருக்கும்: ஒதுக்கியது எங்கே, விடுவித்தது எங்கே, தவறாகத் தொட்டது எங்கே. அந்த மூன்றுக்கும் மேலே ஏறிப் போய், ஒவ்வொன்றும் எந்த சிஸ்டம் காலில் தொடங்கியது என்று பாருங்கள். அந்த மூன்று அழைப்புகளையும் அதே வரிசையில் எழுதி, கேசான் போட்ட மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள். உங்கள் டெஸ்டின் முதல் வரைவு அதுதான்.